கருவேலும் வன்னியும்: ஒரே சட்டம், இரண்டு தீர்ப்பு

போன மாசி மாதம், மேனாம்பேட்டில் நான் காலையில் நடக்கப் போகிற ஏரிக்கரையில் இரண்டு கருவேல மரங்களை வெட்டிப் போட்டார்கள். வெட்டினவர்கள் மரக்கடைக்காரர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, அரிவாளும் கையுறையுமாக வேலிகாத்தானை ஒழிக்க வந்த பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வெட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எந்தெந்த மரத்தைத் தொடக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொல்லி அந்தக் குழுவினர் என்னிடம் கேட்டிருந்தார்கள். புங்கன், பூவரசு, நாவல், கருவேல் என்று பன்னிரண்டு மரம் எழுதி, எதிரே அறிவியல் பெயரும் எழுதிக் கொடுத்தேன். கருவேலுக்கு நேராக ‘அகேசியா நிலோடிகா’ என்று எழுதினேன். வீட்டில் இருக்கிற பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவன், ரொம்பப் பொறுப்பான பையன், சந்தேகம் வந்த மரத்தை எல்லாம் போனில் படம் எடுத்து ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறான். அது ‘வாச்செல்லியா நிலோடிகா’ என்று காட்டியிருக்கிறது. என் பட்டியலில் வாச்செல்லியா என்று எதுவுமே கிடையாது. மரத்தில் முள் இருக்கிறது. பட்டியலில் இல்லாத முள்மரம் என்றால் வேறென்ன? வெட்டிவிட்டார்கள்.

நான் போனபோது கட்டைகள் கிடந்தன. மணிமாலை கோத்த மாதிரி இடுங்கி இடுங்கி இருக்கும் சாம்பல் நிறக் காய்கள் கரை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

“அங்கிள், ஆப்ல வேற பேர் காட்டுச்சு. உங்க லிஸ்ட்ல அந்தப் பேரே இல்லையே” என்றான்.

அங்கே ஆடு மேய்க்கிற ஆயா ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். “இது கருவேலம்பா. அதோ அது வேலிகாத்தான். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

தெரியாதவர்களுக்காக வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவேலுக்குப் பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய் மணி மணியாக இருக்கும். வேலிகாத்தானின் பூ கதிர் மாதிரி நீண்டிருக்கும், காய் முதிர்ந்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் மொச்சை நெற்று போலத் தட்டையாக இருக்கும். தெற்கத்தி மாவட்டங்களில் இதைத்தான் சீமைக் கருவேல் என்கிறார்கள். ‘சீமை’ என்ற அந்த முன்னொட்டு நேர்மையான சொல். சீமை இலுப்பை, சீமை அகத்தி மாதிரி, ‘பார்க்க அது போல இருக்கும், ஆனால் அது இல்லை, வெளியிலிருந்து வந்தது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. ஆனால் 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஒழிப்பு வேலை சூடுபிடித்தபோது துண்டறிக்கைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ‘சீமை’ உதிர்ந்துபோனது. ‘கருவேல மரங்களை ஒழிப்போம்’ என்று ஆனது. ஆலோடு சேர்த்துப் பல்லுக்குச் சொல்கிற அந்த வேல், ஏருக்கும் வண்டிக்கும் கட்டை கொடுத்த அந்த வேல், வில்லன் ஆகிவிட்டது. அதே செய்தியில் இந்த மரத்தைக் காமராஜர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் வரும். அதுவும் தப்பு. இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1877 வாக்கில் அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பக்கத்தில் விதைத்தார்கள். காமராஜர் அப்போது பிறக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த முதல் கோபம், எல்லாருக்கும் வருகிற கோபம்தான்: இந்த விஞ்ஞானிகள் ஏன் சும்மா சும்மா பேரை மாத்துறாங்க? அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகிறது. இப்போதும் எனக்கு ஒரு புகார் இருக்கிறது, ஆனால் அது வேறு புகார்.

லின்னேயஸ் 1753-ல் தன் புத்தகத்தில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல் என்று வைத்தார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்துக்கான அடைமொழி. இதில் ஒரு சங்கடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. பெயர் என்பது கூப்பிடுவதற்கு. வகைப்பாடு என்பது யாருக்கு யார் சொந்தம் என்று சொல்வதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை. இருசொற் பெயரில் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். முதல் சொல் சொந்தத்தைச் சொல்கிறது. ஆகவே சொந்தம் பற்றிய நம் அறிவு மாறினால் பெயரும் மாறியாக வேண்டும். வீடு மாறினால் ஆளின் பெயரும் மாறும் என்று ஒரு சட்டம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

கருவேலை எடுத்துக்கொள்ளுங்கள். 1753-ல் மைமோசா நிலோடிகா. பிறகு மைமோசா அராபிகா என்று ஒரு பெயர். பிறகு அகேசியா அராபிகா. பழைய மூலிகைப் புத்தகங்களில் இதுதான் இருக்கும். பிறகு அகேசியா நிலோடிகா. 2008 முதல் வாச்செல்லியா நிலோடிகா. எண்ணிப் பார்த்தால் ஐந்து. ஆனால் கவனித்தால் ‘நிலோடிகா’, அதாவது நைல் நதிக்காரன், முதலிலும் இருக்கிறது, கடைசியிலும் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் முதலில் பெயர் வைத்தவரின் சுருக்கம் வரும். இங்கே லின்னேயஸின் ‘லி’. அந்த அடைப்புக்குறிதான் ‘இந்த மரம் வேறு வீட்டிலிருந்து வந்தது, பழைய முகவரியில் தேடிப் பார்’ என்று சொல்கிற குறிப்பு. அந்தப் பையன் இரண்டாவது சொல்லைப் பார்த்திருந்தால் மரம் பிழைத்திருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் பட்டியலில் ஒரு வரி எழுதவில்லை.

ஆக, மாறுவது குற்றம் இல்லை. சில சமயம் போன பெயர் திரும்பியும் வரும். எங்கள் தெரு வேலிகளில் படர்கிற முசுமுசுக்கை, சளி பிடித்தால் தோசையில் அரைத்துப் போடுவோமே, அதற்கு லின்னேயஸ் வைத்த பெயர் குக்குமிஸ் மதராஸ்பதானஸ். மதராஸ்பட்டணத்து வெள்ளரி! பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த சாமுவேல் பிரவுன், எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர்கள் சென்னைச் சுற்றுவட்டாரத்துச் செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பெட்டிவர், பிளூக்கெனெட் ஆகியோர் அவற்றை அச்சில் ஏற்றினார்கள். பெட்டிவரின் பட்டியலில் செடிகளின் தமிழ்ப் பெயர்களும் உண்டு; அன்றைக்கு அவர்கள் தமிழை ‘மலபார்’ என்றே சொன்னார்கள். அந்த வழியாகத்தான் மதராஸ் என்ற சொல் லின்னேயஸின் பெயர்ப் பட்டியலில் ஏறியது. பிறகு முசுமுசுக்கையை வெள்ளரிக் கூட்டத்திலிருந்து பிரித்து ‘மூக்கியா’ என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். இந்த நூற்றாண்டில் மரபணு பார்த்துவிட்டு, இல்லை, இது வெள்ளரிதான் என்று திரும்பவும் குக்குமிஸில் சேர்த்துவிட்டார்கள். புங்கனும் அப்படியே. பொங்காமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று சுற்றிவிட்டு இப்போது மறுபடி பொங்காமியா. பொங்காமியா என்பதே நம் புங்கம்தான், லத்தீன் வேட்டி கட்டியிருக்கிறது.

இவை எல்லாம் எனக்குச் சம்மதம். புதிய சான்று வந்தது, மாற்றினார்கள். கருவேலின் கதை அப்படி இல்லை. அங்கேதான் என் புகார்.

அகேசியா என்ற சொல்லின் சரித்திரம் பழையது. முள் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்து நாட்டு முள்மரத்துக்கு, அதாவது நம் கருவேலுக்கு, கிரேக்க மருத்துவ நூல்கள் வைத்திருந்த பெயர். 1754-ல் பிலிப் மில்லர் அதைப் பேரினப் பெயராக்கினார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளில், பஞ்சு உருண்டை மாதிரி பூக்கிற மரத்தை எல்லாம் உலகம் முழுவதிலுமிருந்து அந்தப் பெயருக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் சிற்றினங்கள். மரபணு ஆய்வு வந்தபோது தெரிந்தது, இது ஒரு குடும்பம் இல்லை, சத்திரம். குறைந்தது மூன்று பெரிய கூட்டங்கள்: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை ஏறத்தாழ ஆயிரம், கருவேல், வெள்வேல், குடைவேல் சேர்ந்த கூட்டம் நூற்று அறுபது வாக்கில், சீயக்காய் சேர்ந்த கூட்டம் இருநூறு வாக்கில். பிரிக்க வேண்டியதுதான். பாகப்பிரிவினையில் பழைய பெயர் யாருக்கு?

சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஒவ்வொரு பெயரும் ஒரு மூல மாதிரியில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருக்கும். பேரினம் என்றால் ஒரு சிற்றினம்தான் அதன் ஆணி. கூட்டத்தை எப்படிப் பிரித்தாலும் அந்த ஆணி எந்தப் பக்கம் போகிறதோ பெயர் அந்தப் பக்கம் போகும். பெயரின் பொருள் பொருத்தமா, எத்தனை பேர் அந்தப் பக்கம், எந்த நாடு பணக்கார நாடு, எதுவும் கணக்கில் இல்லை. இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இந்த இரக்கமற்ற நடுநிலைமைதான். ஸில்லா பெருவியானா என்று ஒரு செடி. அதற்கும் பெரு நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. பெயர் தப்பு என்று தெரிந்தும் மாற்ற மாட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கிற மதராஸ் ஹெர்பேரியம் மாதிரி.

அகேசியாவின் ஆணி கருவேல். சட்டப்படி பெயர் கருவேல் கூட்டத்துக்கு. ஆஸ்திரேலிய மரங்கள் ராக்கோஸ்பெர்மா என்ற பெயருக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய மலரே ஓர் அகேசியா. அவர்களுக்குப் பதறாமல் இருக்குமா? 2003-ல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: ஆணியைப் பிடுங்கி ஓர் ஆஸ்திரேலிய மரத்தில் அடித்துவிடலாம், ஆயிரம் பெயர் மாறுவதை விட நூற்று அறுபது மாறுவது நல்லதுதானே?

நியாயமாகச் சொன்னால் இந்த வாதம் அற்பமானது இல்லை. பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக, விதிவிலக்காக ஒரு பெயரைக் காப்பாற்றலாம் என்று அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. முன்பும் பலமுறை செய்திருக்கிறார்கள். என் ஆட்சேபம் எப்படிச் செய்தார்கள் என்பதில். 2005-ல் வியன்னாவில் உலகத் தாவரவியல் மாநாடு. நிபுணர் குழு முன்மொழிவை ஏற்றுப் பரிந்துரைத்திருந்தது. வாக்கெடுப்பில் 54.9 சதவீதம் மாற்றக் கூடாது என்று விழுந்தது. 45.1 சதவீதம் மாற்றலாம் என்று விழுந்தது. மாற்றலாம் என்றவர்கள் ஜெயித்தார்கள்! குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 சதவீதம் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது இரண்டரை நூற்றாண்டுப் பெயரை மாற்றுகிறவர்களுக்குப் பெரும்பான்மை தேவையில்லை, இருக்கிறபடி இருக்கட்டும் என்பவர்களுக்குத்தான் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் பெரும்பான்மை தேவை. எங்கள் தெரு நலச் சங்கத்தில்கூட இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே வாக்குகளும் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் இல்லை. பெரிய ஹெர்பேரியங்களுக்கு ஏழு வாக்கு வரை உண்டு. பெரிய ஹெர்பேரியங்கள் எந்தக் கண்டங்களில் இருக்கின்றன, வியன்னாவுக்கு விமான டிக்கெட் யாரால் போட முடியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கருவேல் கூட்டத்தில் பெரும்பகுதி வாழ்வது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும். 2011-ல் மாநாடு மறுபடி கூடியது, மெல்பர்னில். ஆமாம், ஆஸ்திரேலியாவில்தான். தீர்ப்பு உறுதியானது.

விளைவு என்ன தெரியுமா? முள் என்று பொருள்படும் பெயர், பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் இன்று சட்டப்படி அகேசியா எது என்று கேட்டால், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிற வாட்டில், ஊர்க்காரர்கள் சீகை மரம் என்பார்களே, அது. சென்னைச் சாலையோரங்களில் நட்டிருக்கும் ஆரிகுலிஃபார்மிஸ், அதுவும். நம் காட்டு வேல் ஒன்றுகூட அகேசியா இல்லை. ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சீயக்காய்க்கு இன்னமும் அகேசியா கான்சின்னா என்றுதான் போட்டிருப்பார்கள். தாவரவியலில் அது செனகாலியா ஆகி வருஷங்கள் ஆயிற்று. பாட்டில்காரருக்குத் தகவல் போகவில்லை. எனக்கும் போகவில்லை.

கருவேலுக்குக் கிடைத்த புதிய வீட்டுப் பெயரின் கதையையும் சொல்ல வேண்டும். வாச்செல்லியா என்பது புதிதாகப் புனைந்தது இல்லை. 1834-ல் ராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னட் இருவரும் இந்தியத் தீபகற்பத்துத் தாவரங்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வைட் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த கம்பெனி டாக்டர். ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கில் செடிகளை வரைய வைத்தவர். அந்தப் புத்தகத்தில், கஸ்தூரி வேலை மட்டும் தனியாகப் பிரித்து, மக்காவ் பக்கம் கம்பெனிப் பாதிரியாராக இருந்து செடி சேகரித்த வாச்செல் என்பவரின் பெயரை வைத்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 170 வருஷம் தூசி படிந்து கிடந்தது. அகேசியாவைப் பறித்த பிறகு, இந்தக் கூட்டத்துக்கு இருக்கிற மிகப் பழைய பெயர் எது என்று தேடினால் அதுதான் கிடைத்தது. ஆக, நம் ஏரிக்கரை மரத்துக்கு நம் மாகாணத்துச் செடிகளைப் பற்றிய புத்தகத்திலிருந்தே பெயர் வந்திருக்கிறது. ஆனால் அதன் ஆணி அமெரிக்காவிலிருந்து வந்த கஸ்தூரி வேல். பெயரோ சீனக் கரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருடையது. இதில் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது வேலிகாத்தானுக்கு வாருங்கள். இதற்குப் பெயர் ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று படித்திருப்பீர்கள். 2022-ல் ப்ரோசோபிஸ் பேரினமும் உடைந்தது. அதே மாதிரிப் பிரச்சினை: அமெரிக்கச் சிற்றினங்கள் நாற்பதுக்கும் மேலே; ஆசியாவில் மிஞ்சியவை மூன்றே மூன்று. ஆனால் லின்னேயஸ் 1767-ல் ப்ரோசோபிஸ் என்ற பெயரை வைத்தது ஓர் இந்திய மரத்தை வைத்து. வன்னி மரம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தல விருட்சம். ராஜஸ்தானில் கேஜ்ரி என்பார்கள். ஆணி வன்னியில் இருக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் பெயரை வன்னியிடமே விட்டுவிட்டு, அமெரிக்கப் பெருங்கூட்டத்தை நெல்டுமா என்ற பேரினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நம் வேலிகாத்தான் இப்போது நெல்டுமா ஜூலிஃப்ளோரா.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சட்டப் புத்தகம், ஒரே பயறுக் குடும்பம். ஒரு வழக்கில் எண்ணிக்கை ஜெயித்தது, இன்னொன்றில் விதி நின்றது. ப்ரோசோபிஸ் விஷயத்தில் வானம் இடிந்து விழவில்லை. மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் புதுப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அகேசியாவிலும் அப்படி நடந்திருக்கலாம். ஆயிரம் பெயர் மாறினால் குழப்பம் என்றார்கள்; யாருக்குக் குழப்பம் என்று யாரும் கேட்கவில்லை. சிற்றினங்களின் எண்ணிக்கையை எண்ணினார்கள். நைல் நதியிலிருந்து தாமிரபரணி வரைக்கும் இந்த மரத்தை வைத்து ஆடு வளர்க்கிற, தோல் பதனிடுகிற, மருந்து அரைக்கிற ஜனங்களையும், அவர்கள் பாஷைகளில் எழுதப்பட்ட புத்தகங்களையும் எண்ணவில்லை. என்னுடைய பட்டியல் அந்தப் புத்தகங்களில் ஒன்றைப் பார்த்து எழுதியது.

இதை எழுதும்போதே ஒரு பின்னூட்டம் எனக்குக் கேட்கிறது: “வெள்ளைக்காரன் நம் பெயரைத் திருடிவிட்டான். லின்னேயஸுக்கு முன்பே தொல்காப்பியர் உயிர்களை வகைப்படுத்திவிட்டார்.” இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அகேசியா நம் பெயர் இல்லை, கிரேக்கப் பெயர். நம் பெயர் வேல். அதை யாரும் திருடவில்லை, திருடவும் முடியாது. கருவேல், வெள்வேல், குடைவேல் என்ற பெயர்களைப் பார்த்தால், அடைமொழி ஒன்று, இனப்பெயர் ஒன்று, இருசொற் பெயர் மாதிரியேதான் இருக்கும். ஆனால் இது தமிழின் தனிப்பெருமை இல்லை. செடிகளோடு வாழ்கிற எல்லா ஜனங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். வித்தியாசம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, அந்த ஆணியில் இருக்கிறது. மேனாம்பேட்டில் வேலிகாத்தான், ராமநாதபுரத்தில் சீமைக் கருவேல்: ஒரே மரம். கருங்காலி என்றால் ஒருவர் வேல் வகை மரம் ஒன்றைக் காட்டுவார், இன்னொருவர் எபனி மரத்தைக் காட்டுவார். எது சரி என்று தீர்க்க நம்மிடம் மூல மாதிரி கிடையாது.

தொல்காப்பிய மரபியலை நான் ரசித்துப் படிப்பவன். ஆனால் அதை லின்னேயஸோடு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது அதற்கே அவமரியாதை. அறிவின் எண்ணிக்கையை வைத்துப் புல்லும் மரமும் ஒன்று, நத்தை இரண்டு, கறையானும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு என்று அது அடுக்குகிறது. எறும்பும் தும்பியும் பூச்சி, நண்டு பூச்சி இல்லை என்று இன்றைய விலங்கியல் சொல்லும். அங்கே எறும்பு தனியாகவும் தும்பி நண்டோடும் நிற்கின்றன. தப்பு என்று அர்த்தமில்லை, கேள்வி வேறு. யார் யாருக்குச் சொந்தம் என்று அது கேட்கவில்லை, யாருக்கு எத்தனை புலன் என்று கேட்கிறது. அந்த இயலின் பெரும்பகுதி இன்னொரு வேலை செய்கிறது: எந்த விலங்கின் குட்டியை எப்படிச் சொல்ல வேண்டும், ஆணை எப்படி, பெண்ணை எப்படி என்ற சொல்வழக்கு. மரபு என்றால் அதுதானே! கூப்பிடும் வேலையும் அடுக்கும் வேலையும் அங்கே தனித்தனியாக நடக்கின்றன, லின்னேயஸ் சேர்த்துக் கட்டிய கயிறு அங்கே இல்லை. பனையையும் மூங்கிலையும் புறத்தே வைரம் பாய்ந்தவை, ஆகவே புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததே மரம் என்றும் சொல்கிற இடம் ஒன்று உண்டு. பனையை அரிவாளால் வெட்டிப் பார்த்தவன் சொல்கிற சொல் அது. தாவரவியலும் பனையைப் புல்லுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது. பெருமைப்பட வேண்டுமென்றால் நான் அந்தக் கவனிப்புக்குப் பெருமைப்படுவேன், ‘முதலில் சொன்னோம்’ என்பதற்கு இல்லை.

இதே அமைப்பு மனசு வைத்தால் நல்ல காரியமும் செய்யும் என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல், ‘காஃப்ரா’ என்ற வடிவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கல்யாண முருங்கையின் சொந்தக்கார மரம் ஒன்றுக்கும் அந்த அடைமொழிதான். 2024-ல் மாட்ரிட் மாநாட்டையொட்டி நடந்த வாக்கெடுப்பில் அதை ‘ஆஃப்ரா’ என்று மாற்றினார்கள். ஓர் எழுத்து போயிற்று. இப்போது படிக்கும்போது ஆப்பிரிக்கா என்றுதான் காதில் விழுகிறது. பெயரின் பொருள் கணக்கில் இல்லை என்று நான் மேலே புகழ்ந்த விதியை இங்கே மீறினார்கள், நான் கைதட்டுகிறேன். முரண்பாடுதான். வியன்னாவில் மீறியது யாருடைய வசதிக்காக, மாட்ரிட்டில் மீறியது யாருடைய வலிக்காக என்று பார்த்தால் எனக்கு அந்த முரண்பாட்டோடு இருக்க முடிகிறது.

பட்டியலைத் திருத்தி எழுதியாகிவிட்டது. தமிழ்ப் பெயர் முதலில், இந்தப் பக்கத்து வழக்குப்படி. அடுத்து இப்போதைய அறிவியல் பெயர், அதன் கீழே பழைய பெயர்கள் எல்லாம். பட்டையும் பூவும் காயும் எப்படி இருக்கும் என்று ஒரு வரி. அந்தப் பையனே டைப் செய்து கொடுத்தான். கடைசி வரியாக ‘சந்தேகம் வந்தால் ஆடு மேய்ப்பவரைக் கேட்கவும்’ என்று அவனே சேர்த்துவிட்டுச் சிரித்தான். நான் எடுக்கச் சொல்லவில்லை.

கரையில் மூன்றாவதாக ஒரு கருவேல் இருந்தது, அது தப்பித்துவிட்டது. ஆடியில் பூத்தது. ஆயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காய் முற்றியதும் ஆடு தின்று போடுகிற கொட்டைகளைப் பொறுக்கி வைக்கச் சொல்லி. ஆட்டு வயிற்றில் போய் வந்த விதைதான் நன்றாக முளைக்கும் என்கிறார். பைக்கு ரெண்டு விதை போட்டு, மேலே ‘கருவேல்’ என்று மட்டும் எழுதுவதாக இருக்கிறேன்.